புதிய பள்ளி, இல்லையென்றால் பள்ளியே வேண்டாம்!

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஒவ்வொன்றிலும் மாணவர் மன்றம் என்று ஒன்று இருக்கும். தேர்தல் நடக்கும், போஸ்டர் ஒட்டுவார்கள், மேடையில் வாக்குறுதி கொடுப்பார்கள். ஜெயித்தவர் தலைவர், அடுத்தவர் துணைத்தலைவர், கையெழுத்து அழகாக இருப்பவர் செயலாளர்! நடன விழாவுக்கு மண்டபத்தை அலங்கரிப்பது, விளையாட்டுக் குழுவுக்கு நிதி திரட்டுவது, அசெம்பிளியில் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்வது... அநேகமாக இவ்வளவுதான் அதன் அதிகாரம். இந்த மன்றங்களுக்கென்று 1931-ல் தேசிய அளவில் ஒரு சங்கமே ஆரம்பித்தார்கள். ஜனநாயகத்தைப் பிள்ளைகள் பள்ளியிலேயே பழகட்டும் என்பது நோக்கம். பழகலாம், ஆனால் பயன்படுத்தக் கூடாது என்பது யாரும் எழுதி வைக்காத விதி. தலைமையாசிரியர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்த எழுதாத விதியை ஒரே ஒரு காலை நேரத்தில் உடைத்த ஒரு மாணவர் மன்றத்தின் கதை இது. இடம்: வர்ஜீனியா மாநிலம், பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி, ஃபார்ம்வில் என்ற சிறிய ஊர். நாள்: 1951 ஏப்ரல் 23.

அப்போது வர்ஜீனியாவில் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, கறுப்பினப் பிள்ளைகளுக்கு வேறு பள்ளி என்பது சட்டம். 1896-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் "பிரித்து வைக்கலாம், ஆனால் சமமாக இருக்க வேண்டும்" என்ற பொருளில் ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. அதில் முதல் பாதியைத் தென் மாநிலங்கள் மிகச் சிரத்தையாகப் பின்பற்றின. இரண்டாம் பாதியை மறந்துவிட்டன.

ஃபார்ம்வில்லில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருந்தது ராபர்ட் ருஸ்ஸா மோட்டன் உயர்நிலைப் பள்ளி. புக்கர் டி. வாஷிங்டனுக்குப் பிறகு டஸ்கீகி கல்வி நிலையத்தை நடத்திய மோட்டன், இதே கவுன்ட்டியில் வளர்ந்தவர். அவர் பெயரை வைத்தார்களே தவிர, பள்ளிக்கு வேறு பெருமை எதையும் கொடுக்கவில்லை. 1939-ல் 180 மாணவர்களுக்காகக் கட்டிய கட்டடம் அது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மாணவர் எண்ணிக்கை 450-ஐத் தாண்டிவிட்டது. உடற்பயிற்சிக் கூடம் கிடையாது, சாப்பாட்டுக் கூடம் கிடையாது, அறிவியல் ஆய்வுக்கூடம் கிடையாது. ஒரே பொது மண்டபத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வகுப்புகள் நடக்கும். பள்ளிப் பேருந்துக்குள்ளே உட்கார வைத்தும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். அந்தப் பேருந்துகளும் வெள்ளையர் பள்ளி ஓட்டித் தேய்த்துவிட்டுக் கொடுத்தவை.

இடம் போதவில்லை என்று கேட்டதற்கு 1948-ல் பள்ளி வாரியம் கட்டிக் கொடுத்தது என்ன தெரியுமா? மரச் சட்டத்தின் மேல் தார் பேப்பர் சுற்றிய கொட்டகைகள். தூரத்திலிருந்து பார்த்தால் கோழிப் பண்ணை மாதிரி இருக்கும். குளிர்காலத்தில் உள்ளே ஒரு அடுப்பு எரியும். அடுப்பின் பக்கத்தில் இருப்பவருக்கு வியர்க்கும், தள்ளி இருப்பவர் கோட்டைக் கழற்ற முடியாது. மழை வந்தால் ஒழுகும், சில பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு பாடம் எழுதினார்கள்.

பெரியவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் மாதா மாதம் வாரியக் கூட்டத்துக்குப் போய்ப் புதிய கட்டடம் கேட்டது. அதை முன்னின்று நடத்தியவர் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சர்ச்சின் போதகர் ஃபிரான்சிஸ் கிரிஃபின். தலைமையாசிரியர் பாய்ட் ஜோன்ஸும் கூடப் போவார். நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது எப்போதும் வரும் பதில். கடைசியில் "நீங்கள் இனி வர வேண்டாம், ஏதாவது இருந்தால் நாங்களே தெரிவிக்கிறோம்" என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் அழுத்திக் கேட்கப் பெரியவர்களால் முடியவில்லை. புகையிலைச் சாகுபடிக்குக் கடன் கொடுப்பவர், கடையில் பற்று எழுதுபவர், வேலை கொடுப்பவர், தலைமையாசிரியருக்குச் சம்பளம் கொடுப்பவர், எல்லாரும் வெள்ளையர்கள்தான். வரவு செலவுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் வாயும் இருக்கிறது.

இங்கேதான் பார்பரா ஜான்ஸ் வருகிறார். பதினொன்றாம் வகுப்பு மாணவி, வயது 16. அதிகம் பேசாத பெண். வீட்டில் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. மாமா, பெரியப்பா யாரும் தூண்டிவிட்டு வந்தவர் இல்லை. (அவருடைய பெரியப்பா வெர்னன் ஜான்ஸ் அப்போது அலபாமாவில் பெயர் பெற்ற போதகர். பின்னாளில் "அவர்தான் பின்னாலிருந்து இயக்கியிருப்பார்" என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. சிறுபெண்ணுக்கு இவ்வளவு துணிச்சல் வராது என்ற நினைப்புதான் காரணம்.)

பார்பராவை மாற்றியது புத்தகம் அல்ல, பள்ளிக் கிளப்புகள்! அவர் பாட்டுக் குழுவில் இருந்தார், நாடகக் குழுவில் இருந்தார், மாணவர் மன்றத்தில் இருந்தார், நியூ ஹோம்மேக்கர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்ற கிளப்பிலும் இருந்தார். இந்தக் கடைசிப் பெயரில் உள்ள "நியூ" என்ற சொல்லைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மனையியல் படிக்கும் வெள்ளைக்கார மாணவிகளுக்கான கிளப் ஃப்யூச்சர் ஹோம்மேக்கர்ஸ். அதில் கறுப்பினப் பெண்கள் சேர முடியாது, ஆகவே அவர்களுக்குத் தனியாக "நியூ". விவசாயம் படிக்கும் பையன்களுக்கும் இதே கதைதான். வெள்ளையருக்கு ஃப்யூச்சர் ஃபார்மர்ஸ், மற்றவர்களுக்கு நியூ ஃபார்மர்ஸ். இந்த நியூ ஃபார்மர்ஸ் முளைத்ததே வர்ஜீனியாவில்தான், 1927-ல். இரண்டு ஜோடிக் கிளப்புகளும் ஒன்றாக இணைந்தது 1965-ல். எதிர்காலம் ஒரு கூட்டத்துக்கு, புதுமை இன்னொரு கூட்டத்துக்கு என்று பெயரிலேயே பாகம் பிரித்திருக்கிறார்கள்!

ஆனால் பிரித்து வைத்த அந்தக் கிளப்புகள்தான் பார்பராவை வெளியூருக்கு அழைத்துப் போயின. பாட்டுப் போட்டிக்கும் கிளப் கூட்டங்களுக்கும் போகும்போது மற்ற ஊர்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்கே நல்ல கட்டடம் இருப்பதைப் பார்த்தார். திரும்பி வந்தால் தார் பேப்பர். ஒருநாள் இசை ஆசிரியை ஐனஸ் டேவன்போர்ட்டிடம் இதைச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். "நீயே ஏதாவது செய்யேன்" என்கிற மாதிரி ஆசிரியை ஒரு வார்த்தை சொன்னார். முதலில் அது பார்பராவுக்கு வருத்தமாக இருந்ததாம், தட்டிக்கழித்துவிட்டாரே என்று. பிறகு யோசிக்க ஆரம்பித்தார். இன்னொரு நாள் பேருந்தைத் தவறவிட்டு ரோட்டோரம் நின்றபோது, வெள்ளையர் பள்ளிப் பேருந்து பாதி காலியாக அவரைக் கடந்து போனது. அன்று முடிவு செய்துவிட்டார்.

1950 இலையுதிர் காலத்தில் ஒரு சின்னக் கூட்டம் நடந்தது, விளையாட்டு மைதானத்தின் படிக்கட்டில். பார்பரா யாரைக் கூப்பிட்டார் என்று பார்த்தால் அவருடைய சாமர்த்தியம் புரியும். நெருங்கிய தோழிகளை அல்ல, மாணவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களைக் கூப்பிட்டார். மாணவர் மன்றத் தலைவி கேரி ஸ்டோக்ஸ், அவருடைய சகோதரர் ஜான் ஸ்டோக்ஸ், இன்னும் சிலர். மாணவர்கள் கேட்பது இவர்கள் பேச்சைத்தான். பெரியவர்கள் மூலமாக முயற்சி தொடரட்டும், அது நடக்காவிட்டால் நாமே இறங்குவோம் என்று பேசிக்கொண்டார்கள். குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தார்கள். நிலமும் வரவில்லை, பதிலும் வரவில்லை.

ரகசியம் கசியவே இல்லை. 450 பேர் படிக்கும் பள்ளியில், சிறிய ஊரில், ஆறு மாதம்! பெற்றோரிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார்கள், தடுக்காவிட்டால் அவர்கள் வேலை போகும். தலைமையாசிரியரிடமும் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவரைக் குற்றம் சொல்ல முடியாது என்பது கணக்கு. பதாகைகளை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்தார்கள். அதில் ஒன்றின் வாசகம்தான் இந்தக் கட்டுரையின் தலைப்பு.

ஏப்ரல் 23 காலையில் தலைமையாசிரியருக்கு ஒரு போன் வந்தது. உங்கள் மாணவர்கள் இரண்டு பேர் பேருந்து நிலையத்தில் போலீஸில் மாட்டிக்கொள்ளப் போகிறார்கள், உடனே வாருங்கள் என்றது குரல். பேசியது ஒரு மாணவன், குரலை மாற்றிக்கொண்டு. ஜோன்ஸ் அவசரமாகக் கிளம்பிப் போனார். அவர் போனதும் வகுப்பு வகுப்பாகச் சீட்டு போனது: அனைவரும் மண்டபத்துக்கு வரவும், அசெம்பிளி. கீழே "ஜே" என்று கையெழுத்து. தலைமையாசிரியர் ஜோன்ஸ் அப்படித்தான் கையெழுத்துப் போடுவார். ஜான்ஸ் என்ற பெயரும் அதே எழுத்தில்தான் ஆரம்பிக்கிறது என்பது வேறு விஷயம்!

திரை விலகியது. மேடையில் தலைமையாசிரியர் இல்லை, மாணவர்கள் இருந்தார்கள். பார்பரா முன்னால் வந்து ஆசிரியர்களை வெளியே போகச் சொன்னார். சிலர் தயங்கினார்கள், ஒருவர் மேடையை நோக்கியே வந்தார். அமைதியான பெண் என்று எல்லாரும் நினைத்திருந்த பார்பரா, காலணியைக் கழற்றி பெஞ்சில் ஓங்கித் தட்டினார். ஆசிரியர்கள் போன பிறகு பேசினார். கொட்டகை, குளிர், மழை, வாரியத்தின் பதில்கள்... எல்லாருக்கும் தெரிந்த விஷயங்கள்தான். தெரியாத விஷயம் ஒன்றே ஒன்று, இன்றைக்கே வெளியே போகப் போகிறோம் என்பது. சிறைக்குப் போட்டால் என்ன செய்வது என்ற பயத்துக்கு, ஃபார்ம்வில் சிறையில் நம் எல்லாருக்கும் இடம் இருக்காது என்று பதில் சொன்னார். ஜோன்ஸ் திரும்பி வந்து கெஞ்சிப் பார்த்தார். மாணவர்கள் வெளியேறினார்கள்.

அன்றைக்கே ஒரு கடிதம் ரிச்மண்டுக்குப் போனது, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் வழக்கறிஞர்களுக்கு. எழுதியவர்கள் கேரி ஸ்டோக்ஸ், பார்பரா ஜான்ஸ். வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் வேறு ஒரு வழக்குக்காக அந்த வழியாகப் போக வேண்டியிருந்தது. ஏப்ரல் 25 அன்று ஃபார்ம்வில்லில் வண்டியை நிறுத்தினார்கள். அவர்கள் நினைத்து வந்தது, பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்துப் பள்ளிக்குத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று. சர்ச்சில் மாணவர்கள் ஒழுங்காக உட்கார்ந்து, ஒருவர் பின் ஒருவராகப் பேசியதைக் கேட்ட பிறகு, போகச் சொல்ல மனம் வரவில்லை. மாணவர் மன்றம் அவர்களுக்கு என்ன கற்றுக்கொடுத்ததோ தெரியாது, கூட்டம் நடத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

ஆனால் வழக்கறிஞர்கள் ஒரு நிபந்தனை வைத்தார்கள். மாணவர்கள் கேட்டது புதிய கட்டடம், வெள்ளையர் பள்ளிக்குச் சமமாக. என்.ஏ.ஏ.சி.பி. அப்போது அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தது. சமமான தனிப்பள்ளிக்காக இனி வழக்குப் போடுவதில்லை, தனிப்பள்ளி என்பதையே எதிர்த்தால்தான் வழக்கு, அதற்குப் பெற்றோர் சம்மதமும் வேண்டும் என்றார்கள். கட்டடம் கேட்கப் போனவர்கள் கையில் நாட்டின் சட்டத்தையே மாற்றும் வேலை வந்து விழுந்தது.

மே 3-ம் தேதி சர்ச்சில் பெரிய கூட்டம். பழைய தலைமையாசிரியர் ஒருவர் எழுந்து, கட்டடம் கேட்டது சரி, பிரிவினையையே எதிர்ப்பது இப்போது வேண்டாம் என்ற மாதிரி பேசினார். கூட்டம் கொஞ்சம் ஆடிப்போனது. அவரைத் துரோகியாக்கிவிட்டு நகர்வது சுலபம், பார்பரா அன்று மேடையில் அதைத்தான் கடுமையாகச் செய்தார். ஆனால் அந்த மனிதர் ஊரை அறிந்தவர். இதற்குத் திருப்பி அடிப்பார்கள் என்று அவர் பயந்ததில் தப்பில்லை என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம். பிறகு கிரிஃபின் பேசினார், கூட்டம் வழக்கின் பக்கம் நின்றது.

மே 7 அன்று மாணவர்கள் பள்ளிக்குத் திரும்பினார்கள். மே 23 அன்று வழக்குத் தாக்கலானது. 117 மாணவர்கள் வாதிகள். பட்டியலில் முதலில் இருந்த பெயர் டோரத்தி டேவிஸ் என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி, ஆகவே அது டேவிஸ் வழக்கு ஆனது. 1952 மார்ச்சில் கீழ் நீதிமன்றம் கட்டடங்களைச் சமமாக்கச் சொன்னது, பிரிவினையில் கை வைக்க மறுத்தது. கவுன்ட்டியும் அவசர அவசரமாகப் புதிய மோட்டன் பள்ளியைக் கட்டி 1953-ல் திறந்தது. இத்தனை வருடம் கிடைக்காத நிலமும் பணமும் வழக்கு என்றதும் எங்கிருந்து வந்தன? கேட்க வேண்டிய கேள்விதான். எப்படியோ, மாணவர்கள் முதலில் கேட்ட கோரிக்கை இரண்டே வருடத்தில் நிறைவேறிவிட்டது. வழக்கு மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது.

1954 மே 17. பிரவுன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு: பள்ளிகளில் இனப்பிரிவினை அரசியல் சட்டத்துக்கு விரோதம். எல்லாப் பாடப்புத்தகத்திலும் கான்சஸ் மாநிலத்துப் பிரவுன் பெயர் இருக்கிறது. உண்மையில் அப்போது விசாரிக்கப்பட்டவை ஐந்து வழக்குகள். கான்சஸ், தென் கரோலினா, டெலவேர், தலைநகர் வாஷிங்டன், வர்ஜீனியா. அந்த ஐந்தில் மாணவர்களின் ஸ்டிரைக்கில் பிறந்தது ஃபார்ம்வில் வழக்கு ஒன்றுதான். மொத்த வாதிகளில் முக்கால்வாசிப் பேர் அந்த ஊர்க்காரர்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே முடித்திருப்பார்கள். ஊர் முடிக்கவில்லை.

ஸ்டிரைக்குக்குப் பிறகு ஜோன்ஸின் வேலை போனது. எவ்வளவு ஜாக்கிரதையாக அவரை விலக்கி வைத்தும் பயனில்லை. கிரிஃபினைக் கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள். பள்ளி வளாகத்தில் சிலுவையைக் கொளுத்தினார்கள். பார்பராவின் பாதுகாப்புக்குப் பயந்து பெற்றோர் அவரை அலபாமாவுக்குப் பெரியப்பா வீட்டுக்கு அனுப்பினார்கள். தான் ஆரம்பித்த போராட்டத்தின் பள்ளியில் அவர் கடைசி வருடம் படிக்கவில்லை. 1955-ல் அவர்கள் குடும்ப வீடு எரிந்து சாம்பலானது.

வர்ஜீனியா அரசு தீர்ப்பை எதிர்த்து முழுமூச்சாக நின்றது. 1959-ல் இனி தள்ளிப்போட முடியாது, பள்ளிகளைக் கலந்து நடத்துங்கள் என்று நீதிமன்றம் கட்டளையிட்டபோது, பிரின்ஸ் எட்வர்ட் கவுன்ட்டி ஒரு வழி கண்டுபிடித்தது. பள்ளிகளுக்குப் பணம் ஒதுக்குவதையே நிறுத்திவிட்டது! பட்ஜெட்டில் பள்ளிக்கு ஒன்றும் இல்லை, ஆகவே பொதுப்பள்ளிகளே இல்லை. எல்லாவற்றுக்கும் பூட்டு. இருபத்தொரு அறைகளுக்குப் பூட்டுப் போட்ட மாதிரி அல்ல, ஒரு கவுன்ட்டியின் மொத்தக் கல்விக்கும்.

வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்காக நன்கொடை திரட்டிப் பிரின்ஸ் எட்வர்ட் அகாடமி என்ற தனியார் பள்ளியைத் திறந்தார்கள். அடுத்த வருடம் கல்விக் கட்டண மானியம் என்ற பெயரில் பொதுப்பணமும் வந்தது, 1961-ல் நீதிமன்றம் தடுக்கும் வரை. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் இதே மாதிரி தனியார் பள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்னார்கள். பெற்றோர் மறுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டால் வழக்கு செத்துவிடும். எவ்வளவு கடினமான மறுப்பு அது! சொந்தப் பிள்ளையின் படிப்பைத் தட்டில் வைத்துத்தான் அந்த வழக்கை உயிரோடு வைத்திருக்க முடிந்தது.

"புதிய பள்ளி, இல்லையென்றால் பள்ளியே வேண்டாம்" என்று 1951-ல் பதாகை பிடித்தார்கள். எட்டு வருடம் கழித்து அந்த வாசகத்தின் பின்பாதியை எதிர்த்தரப்பு அப்படியே நிறைவேற்றிவிட்டது.

ஐந்து வருடம். சுமார் 1,700 கறுப்பினப் பிள்ளைகள். சிலரை உறவினர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். சிலரைக் குவேக்கர்கள் வேறு மாநிலங்களில் குடும்பங்களோடு தங்கவைத்துப் படிக்க வைத்தார்கள். மேல் வகுப்பு மாணவர்கள் சிலருக்கு வட கரோலினாவில் கிட்ரல் கல்லூரி இடம் கொடுத்தது. சர்ச் அடித்தளங்களில் எழுத்து மறந்துபோகாமல் இருக்கச் சின்ன வகுப்புகள் நடந்தன. இவை எதுவும் வாய்க்காதவர்கள் புகையிலை வயலுக்குப் போனார்கள். ஸ்டிரைக் செய்தவர்கள் அதற்குள் பள்ளியை முடித்துவிட்டார்கள். விலை கொடுத்தது அவர்களுடைய தம்பி தங்கைகள். ஏழு வயதில் முதல் வகுப்புக்குப் போக வேண்டிய பிள்ளை பன்னிரண்டு வயதில் போனது. இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, 1951-ல் செய்தது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் பூட்டுப் போட்டவர்களை விட்டுவிட்டு, கொட்டகை ஒழுகுகிறது என்று சொன்னவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமாகத் தெரியவில்லை.

1963-ல் நன்கொடைப் பணத்தில் ஒரு வருடம் இலவசப் பள்ளிகள் நடந்தன. 1964 மே மாதம், கிரிஃபின் பெயரில் நடந்த வழக்கில், பள்ளிகளைத் திறந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இலையுதிர் காலத்தில் பொதுப்பள்ளிகள் திறந்தன.

பார்பரா ஜான்ஸ் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளைகளை வளர்த்து, ஃபிலடெல்ஃபியாவில் நூலகராக வேலை பார்த்தார். 1991-ல் இறந்தார். பழைய மோட்டன் கட்டடம் 2001 முதல் அருங்காட்சியகம். அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் வர்ஜீனியாவின் சார்பில் நின்ற ராபர்ட் லீயின் சிலையை 2020 டிசம்பரில் அகற்றினார்கள். அடிமை முறைக்காகப் போரிட்ட தளபதியின் அந்த இடத்துக்கு மாநிலம் தேர்ந்தெடுத்தது பதினாறு வயது மாணவி பார்பரா ஜான்ஸை.

2003 ஜூன் மாதம் ஃபார்ம்வில்லில் ஒரு பட்டமளிப்பு விழா நடந்தது. 1959-ல் பூட்டிய பள்ளிகளால் படிப்பை முடிக்க முடியாமல் போனவர்களுக்கு கவுன்ட்டி கௌரவச் சான்றிதழ் கொடுத்தது. வாங்க வந்தவர்களில் பலருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.